பச்சை ஆறுவதற்குள்

பச்சை குத்திய இடத்துக்கு என்ன தடவலாம், என்ன தடவக் கூடாது என்று யாராவது பேச ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். வயதானவள்தானே, ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவாள் என்று முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. வீக்கம், நீர்க்கசிவு, அரிப்பு, பொருக்கு என்று ஒவ்வொன்றையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். அத்தனையும் பார்த்துவிட்டுக் கடைசியில் என் கையாலேயே கெடுத்தேன்.

அப்போது தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், கம்பெனி கொடுத்த லைன் வீட்டில் இருந்தோம். அறுபதுகளின் தொடக்கம். அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். சுரங்கத்துக்குள் பாறை வெடித்து இறந்த மூன்று பேரில் அவரும் ஒருவர். மூன்று பேரையும் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று அம்மாவைத் தடுத்திருக்கிறார்கள். வலது கையை மட்டும் காட்டுங்கள் என்று அம்மா கேட்டிருக்கிறாள். இரண்டாவது துணியை விலக்கியபோது முழங்கைக்குக் கீழே தேள் பச்சை இருந்தது. இவர்தான் என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

இறந்தவரின் வேலையை மகனுக்குக் கொடுப்பது அங்கே வழக்கம். தம்பிக்குப் பத்தொன்பது வயது. மெடிக்கல் பரிசோதனையில் தேறினால் வேலை. வேலை இருந்தால் வீடு. தேறாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வீடு என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரே அறை, தகரக் கூரை, பக்கத்து வீட்டில் இருமினால் நம் வீட்டில் தண்ணீர் கொடுக்கலாம். ஆனால் அதை விட்டால் எங்களுக்குப் போக்கிடம் கிடையாது. குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அங்கே இருந்தவர்கள் எப்போதோ செத்தும் சிதறியும் போய்விட்டார்கள். நான் வேறு புருஷன் வீட்டிலிருந்து துணி மூட்டையோடு திரும்பி வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். என் வாய்தான் காரணம் என்று லைனில் பேசிக்கொண்டார்கள். இரண்டும் உண்மைதான்.

மெடிக்கலுக்குத் தேதி வந்தது. அன்று மாலையே அம்மா தம்பியைப் பார்த்துச் சொன்னாள், தேள் குத்தாமல் நீ கீழே இறங்கக் கூடாது என்று.

தம்பி சிரித்தான். தேள் குத்தினால் சுரங்கத்துக்குள் ஆளை இறக்குகிற கேஜ் வேகமாக இறங்குமா என்று கேட்டான். அம்மா சிரிக்கவில்லை.

"எனக்கு அடையாளம் வேணும்டா. மூணு துணியில எந்தத் துணின்னு நான் தேடிகினு நிக்க மாட்டேன்."

பெற்ற பிள்ளையை வேலைக்கு அனுப்புமுன் பிணத்துக்கு அடையாளம் போட்டு வைக்கிற தாய் எந்த ஊரில் இருப்பாள்? எங்கள் லைனில் யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. எதிர் வீட்டுக்காரி, நல்லதுதானே என்றாள். மெடிக்கல் முடிந்த பிறகு குத்திக்கொள்ளலாமே என்று நான் சொல்லிப் பார்த்தேன். தேறினவனை மறுநாளே ஷிஃப்டுக்குக் கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள், அப்போது நேரம் ஏது என்று அம்மா கேட்டாள். நடுவில் பன்னிரண்டு நாள் இருந்தது. பச்சை ஆற ஏழெட்டு நாள் போதும் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சரி என்றேன். அந்த வீட்டில் என் பேச்சு எடுபடுவது அபூர்வம், அதிலும் பாதியிலேயே விட்டுக்கொடுத்தால் எங்கே எடுபடும்.

பூதிகோட்டைப் பக்கத்திலிருந்து சந்தைக்கு வருகிற ஒரு அம்மாள்தான் எங்கள் பக்கத்துக்கெல்லாம் பச்சை குத்துவாள். விளக்குக் கரியும் அகத்திக்கீரைச் சாறும் குழைத்து வைத்திருப்பாள். நூலால் சேர்த்துக் கட்டிய மூன்று ஊசிகள். அவள் பாதித் தெலுங்கில் ஏதோ பாடிக்கொண்டே குத்துவாள். வலி தெரியாமல் இருக்கத்தான் பாட்டு. தம்பிக்கு வலி தெரிந்தது. என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கொடுக்கு வளைகிற இடத்தில் ஊசி ஆழமாகப் போனபோது அவன் நகம் என் தொடையில் பதிந்தது. முடிந்ததும் மஞ்சளும் விளக்கெண்ணெயும் தடவிவிட்டு அவள் வரிசையாகச் சொன்னாள்: கிள்ளாதே, சொரியாதே, வெயிலில் காட்டாதே, கருவாடு தின்னாதே. இதற்குமேல் நான் எதையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. அவள் சொன்னதோடு நின்றிருந்தால் போதும்.

முதல் இரண்டு நாள் நீர் கசிந்தது. கறுப்பும் மஞ்சளுமாகச் சட்டையில் ஒட்டிக்கொள்ளும். அவன் அவசரக்காரன், வெடுக்கென்று உருவுவான். மேல்தோல் சட்டையோடு வந்துவிடும். அதன்பிறகு நானே வெதுவெதுப்பான தண்ணீரை விட்டு ஊறவைத்து மெல்லப் பிரித்து எடுப்பேன். சட்டையே போடாதே என்றேன். கீழ்லைன் பெண்கள் குழாயடிக்கு வரும் வழியில் வெறும் உடம்போடு உட்கார அவனுக்கு வெட்கம். நைனாவின் பழைய வேட்டியைக் கிழித்துத் தளர்வாகச் சுற்றிவிட்டேன்.

அது காற்றுக் காலம். தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிக் குவித்த சயனைடு மேட்டிலிருந்து மணல் பறந்து வந்து சோற்றில் விழும், பாயில் விழும், கண்ணில் விழும். புண்ணில் விழாமல் இருக்குமா? கதவைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் மணல். ஈ வேறு. அவன் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே இருந்தேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். திரும்பி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாருக்காவது நான் உபயோகப்பட்டேன் என்றால் அந்தச் சில நாட்கள்தான்.

மூன்றாம் நாள் கை வீங்கியது. நான்காம் நாள் வடிந்தது. ஐந்தாம் நாள் அரிப்பு. ஐயோ, அந்த அரிப்பை வைத்துக்கொண்டு அவன் படுத்திய பாடு! சொரியக் கூடாது, தட்டிக்கொள் என்றால் கதவு நிலையில் போய்த் தேய்ப்பான். வேப்பிலைக் கொத்தால் மேலாக வருடிவிட்டேன். ஒரு கையால் வருடிக்கொண்டே இன்னொரு கையால் அவன் தலையில் ஒரு குட்டும் வைத்தேன். சாப்பாட்டிலும் தகராறு. கத்தரிக்காய் கூடாது, கருவாடு கூடாது. பக்கத்து வீட்டில் கருவாடு வறுக்கும் வாசனை வரும்போது வெறும் ரசத்தை வைத்துக்கொண்டு அவன் என்னை முறைப்பான். மெடிக்கல் முடியட்டும், ஒரு சட்டி கருவாட்டுக் குழம்பு வைத்துத் தருகிறேன் என்பேன்.

ஆறாம் நாள் பொருக்கு கட்டியது. தேளின் கால்கள் தெளிவாகத் தெரிந்தன. அம்மா கிட்டே வந்து பார்த்தாள். தொடவில்லை. நல்லா வந்துகீது என்று மட்டும் சொன்னாள். அன்று மதியம் பக்கத்துச் சுரங்கமான பாலகாட்டிலிருந்து ஆள் வந்தது. பெரியம்மாவின் மகளுக்குப் பிரசவ வலி. அம்மா வெற்றிலைப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். எங்கே போனாலும் வெற்றிலைப் பை இல்லாமல் போகமாட்டாள். பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு டப்பி எல்லாம் அதற்குள்தான்.

மறுநாள் காலையில் குழாயடியில் தண்ணீர்ச் சண்டை. நான் வாயால் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது தம்பி வந்து இரண்டு குடத்தையும் தூக்கிக்கொண்டு போனான். உன்னை யார் தூக்கச் சொன்னது என்று வீட்டில் வந்து திட்டினேன். கொடுக்குப் பக்கம் பொருக்கு விண்டு ரத்தம் கசிந்தது. மதியத்துக்குள் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வீங்கிச் சூடாக இருந்தது. இன்னும் ஐந்து நாள்.

வீக்கத்துக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடுவது எல்லா வீட்டிலும் உண்டு. ரத்தச் சிவப்பாக வரும், காய்ந்து இறுகும், வீக்கத்தை இழுத்துவிடும். திறந்த புண்ணில் போடக் கூடாது என்பது அந்த நேரத்தில் என் புத்திக்கு எட்டவில்லை. சுண்ணாம்பு டப்பி அம்மாவோடு பாலகாட்டில் இருந்தது. வீட்டில் இருந்தது சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பு.

அந்தச் சுண்ணாம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுரங்கத்துக்குள் கொண்டுபோகிற கார்பைட் விளக்கில் எரிந்து தீர்ந்த கார்பைட், வெள்ளையாகச் சேறுபோல மிஞ்சும். அதை ஆண்கள் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். கரைத்து அடித்தால் சுவர் பளிச்சென்று இருக்கும். லைனில் பாதி வீடு அப்படித்தான் வெளுத்தது. நைனாவின் கருமாதிக்கு வீட்டை வெள்ளையடிக்கப் பக்கத்து வீட்டு மாமா ஒரு டின் கொடுத்திருந்தார். அதில் அடியில் கொஞ்சம் கிடந்தது. ஈரம் பட்டால் கொதிக்கிற, சரியாக எரியாத கட்டிகளும் அதில் கலந்திருந்தன. வெற்றிலைக்குப் போடுவதும் சுண்ணாம்பு, சுவருக்கு அடிப்பதும் சுண்ணாம்பு என்று நினைத்தேன். இப்படி நினைக்க எங்கள் ஊர்ப் பெண்ணால்தான் முடியும். வேறு ஊர்க்காரிக்கு அந்த டின்னே கிடைத்திருக்காது.

குழைக்கும்போது கெட்டுப்போன பூண்டு போல ஒரு நாற்றம் வந்தது. நைனா ஷிஃப்ட் முடிந்து வரும்போது அவர் சட்டையில் இருக்கிற நாற்றம். எனக்கு அது பயத்தைத் தரவில்லை, அவர் நினைவைத்தான் தந்தது. தடவினேன்.

தம்பி எரியுதுக்கா என்றான். எரிந்தால்தான் இழுக்கும் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சொன்னான். ஆம்பளைப் பிள்ளை, நாளைக்குச் சுரங்கத்தில் இறங்கப் போகிறவன், இதைப் பொறுக்க மாட்டாயா என்று கேட்டேன். என்னை மதித்துப் பல்லைக் கடித்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தான். கழுவியபோது பற்றோடு பொருக்கும் வந்தது, தோலும் வந்தது. தேள் இருந்த இடம் வெந்து வெளுத்துப் போயிருந்தது. நடுவில் அங்கங்கே குழி.

மறுநாள் அம்மா வந்தாள். கையைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். ஊசியில் விஷம் இருந்திருக்கிறது என்று பச்சை குத்தினவளை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். பிறகு தன்னையே திட்டிக்கொண்டாள். நான்தானே குத்தச் சொன்னேன், என் வாயில் மண்ணைப் போட என்று அழுதாள். நான் அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். தம்பி என்னைப் பார்த்தான். நான் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. சொல்லலாம், மெடிக்கல் முடியட்டும் என்று நினைத்தேன். ஒரு சின்னப் புண்ணுக்காக அவனைத் தள்ளிவிட மாட்டார்கள், மிஞ்சிப்போனால் ஆறிய பிறகு வா என்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மெடிக்கல் அன்று முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போனான். மதியம் திரும்பி வந்தவன் கதவுக்கு வெளியிலேயே நின்றான். அம்மா குழாயடிக்குப் போயிருந்தாள்.

அவனை மார்பு விரித்து அளந்திருக்கிறார்கள், கண் பார்த்திருக்கிறார்கள், எல்லாம் சரி. சட்டையைக் கழற்றியதும் டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். பக்கத்தில் இருந்த கம்பவுண்டரிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லிச் சிரித்திருக்கிறார். கார்பைட் சூட்டுக் காயம் அவருக்குப் புதிதல்ல. உள்ளே இறங்கப் பயந்தவர்கள், லீவு கிடைக்காதவர்கள், கார்பைட்டை ஈரத்தோடு தோலில் கட்டிப் புண்ணாக்கிக்கொண்டு வருவது அங்கே பழைய தந்திரம். வேலையில் இருப்பவன் அப்படிச் செய்தால் தண்டனை. வேலைக்கே வராதவன், முதல் நாளே செய்தால் அவனை எதற்கு எடுப்பது? தானே செய்துகொண்ட காயம் என்று எழுதிவிட்டார். ஆறிய பிறகு வா என்று சொல்லவில்லை. பேரையே அடித்துவிட்டார்.

நீ அவரிடம் ஏதாவது சொன்னாயா என்று அவனைக் கேட்டேன். யார் வைத்தது என்று கம்பவுண்டர் கேட்டாராம். நானே வைத்தேன் என்று சொல்லியிருக்கிறான். பற்றுப் போட்டது என் அக்காள் என்று சொல்ல வேண்டியதுதானே என்று நான் அவனிடம் எரிந்து விழுந்தேன். சொன்னால் உன்னைக் கூப்பிட்டு அலைய வைப்பார்கள் என்று நினைத்தேன் என்றான். நானே வைத்தேன் என்றால் அதற்கு இப்படி ஓர் அர்த்தம் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. பத்தொன்பது வயது, ஒரு ஷிஃப்ட் கூட உள்ளே போகாதவன், அவனுக்கு எப்படித் தெரியும்.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் நான் போனேன். அந்த மஞ்சளையும் டின்னையும் முந்தானையில் கட்டி எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றேன். டாக்டரைப் பார்க்க விடவில்லை. கம்பவுண்டர் எங்கள் பக்கத்து ஆள்தான், தமிழ்க்காரர். ஒன்று விடாமல் சொன்னேன். டின்னைத் திறந்து காட்டினேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"இங்க வர்ற அம்மா, அக்கா, பொண்டாட்டி எல்லாருமே நான்தான் வெச்சேன்னு சொல்றாங்கமா. எழுதினது எழுதினதுதான். போங்க."

வெளியே வந்து அந்த டின்னைச் சாக்கடையில் எறிந்தேன். அழுகை வரவில்லை. இவ்வளவு பேரிடம் வாய் காட்டுகிறவள், உண்மையைச் சொன்ன ஒரே ஒரு தடவை ஒருவரும் நம்பவில்லையே என்று ஆத்திரம்தான் வந்தது.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்றுதான் நடந்தேன். வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டே வந்தேன். வீட்டில் அம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். காலி செய்யச் சொல்லி இன்னும் காகிதம்கூட வரவில்லை. அவளுக்குக் காகிதம் தேவைப்படவில்லை. நடந்தது லைன் முழுக்கத் தெரிந்துவிட்டிருந்தது. கார்பைட் என்ற வார்த்தை அவள் காதுக்கும் வந்துவிட்டது. நான்கு நாளாகத் தன்னைத் திட்டிக்கொண்டிருந்தவள் அதை நிறுத்தியிருந்தாள்.

தம்பி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அம்மா கட்டுகிற கையை நிறுத்தாமல் அவனைக் கேட்டாள்.

"பயந்துகினுதான் பண்ணிகினியா?"

அவன் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிவருகிறேன். அது பொய். இந்த மூட்டையோடு என்னையும் சேர்த்து வெளியே தள்ளிவிடுவாள், புருஷன் வீட்டுக்கும் போக முடியாது, இங்கேயும் இருக்க முடியாது என்ற ஒரு நினைப்புத்தான் அப்போது எனக்குள் இருந்தது. என் சோற்றுக்காக நான் பயந்தேன். அந்த அறையில் பயந்தவள் நான் ஒருத்திதான்.

தம்பி, ஆமாம்மா, பயந்துட்டேன் என்றான்.

அம்மா அவனை அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. சாக்கின் வாயை இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"உங்க நைனாவுக்கும் பயம்தான்டா. தெனைக்கும் போயிகினுதான் இருந்தாரு."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு நாங்கள் பங்காருபேட்டைப் பக்கம் போனோம். தம்பி செங்கல் சூளையில் வேலைக்குச் சேர்ந்தான். அம்மா அதற்கப்புறம் ஆறு வருஷம் இருந்தாள். அவன் கொண்டுவந்ததைத்தான் சாப்பிட்டாள். அவன் பெயரைச் சொல்லி அவள் கூப்பிட்டு நான் கேட்கவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் என்னிடம் சொல்வாள், நான் அவனிடம் சொல்வேன். கடைசியில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது அவளைக் குளிப்பாட்டினது, தூக்கி உட்கார வைத்தது எல்லாம் நான். உன்னை மாதிரி ஒரு பிள்ளை எனக்கு இருந்தால் போதும் என்று என்னிடம் சொன்னாள். தம்பி வாசலில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அப்போதும் நான் அவள் வாயைத் துடைத்துவிட்டுக் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன்.